ஒன்பதாம் நாள் நீலச் சாரி

"நிப்பாட்டுங்க அக்கா! அந்த வரிய இன்னொருக்கா வாசிங்க."

பல்கீஸ் ராத்தாவின் இடக்கையில் பாதி பிளந்த கட்டா மீன். வலக்கையில் கத்தி. இரண்டும் அந்தரத்தில் நின்றன. நான் பக்கத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு திரும்ப வாசித்தேன்.

"ஒன்பதாம் நாள் மாலை நளினி நீலச் சாரி உடுத்தி, தலைக்குப் பூ வைத்து, கடைத்தெருவுக்குப் போனாள்."

கண்டக்குழிக் கடற்கரையில், தென்னோலைக் கிடுகுக் கூரை போட்ட அந்தக் கருவாட்டு வாடியில் எட்டுப் பெண்கள் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்கள். எட்டுப் பேரும் கையை நிறுத்தினார்கள். வெளியே பரண்களில் மீன் காய்ந்துகொண்டிருந்தது. வெயிலில் கடல் வெள்ளையாகக் கிடந்தது. எங்கோ ஒரு வாளியிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"புருஷன் மவுத்தாகி ஒம்பது நாள்," என்றார் பல்கீஸ் ராத்தா. "இவ பூ வச்சிக்கிட்டுக் கடைக்குப் போறாவாம். என்ன பொம்புள இது!"

"அது கதை, ராத்தா," என்றேன். எனக்கு அடுத்த பக்கத்துக்குப் போகிற அவசரம். "அதோட நளினி தமிழ்ப் பொம்பிளை. அவவுக்கு இத்தா இல்லை."

புருஷன் இறந்தால் முஸ்லிம் பெண்கள் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல், வெள்ளை உடுத்தி, வீட்டோடு இருப்பதுதான் இத்தா.

"இல்லாட்டி என்ன? உங்கட ஆக்களுக்கும் முப்பத்தொண்டு நாள் துக்கம் ஈக்குதுதானே? ஒம்பதாம் நாள் பூ வைப்பாங்களா?"

சும்மா சொல்லக்கூடாது, நியாயமான கேள்வி.

அப்போதுதான் மூலையிலிருந்து நசீமாவின் குரல் வந்தது. மாதக்கணக்காக "ஓம்", "இல்ல" என்பதைத் தவிர வேறு எதுவும் பேசாத நசீமா.

"அவளுக்குத் தெரியும்," என்றாள். "புருஷன் ஹயாத்தோட இரிக்கிறார். அதான் அவ இத்தா இரிக்கல்ல."

அவளுக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்த ஆமினா மாமி, நசீமாவின் புருஷனைப் பெற்றவர், தலை நிமிராமல் மீனைக் கழுவினார். நளினியின் புருஷன் உயிரோடு இல்லை என்பது அந்த வாடியில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

முடிவை முதலில் வாசிக்கிறவள்

புத்தகத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். இந்த அத்தியாயத்தில் அதன் முடிவைப் போட்டு உடைக்கப்போகிறேன். பெயரையும் சொன்னால் எழுதியவர் என்னைச் சும்மா விடமாட்டார்.

புத்தளம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், பழைய புத்தகம் விற்கிற ஒரு பெட்டிக்கடையில் வாங்கினேன். அட்டையில் ஒரு குளம், கொஞ்சம் பனி, மூலையில் ஒரு மூக்குக்கண்ணாடி. அட்டையிலேயே கண்ணாடியைப் படமாய்க் கீறி வைத்திருந்தார்கள், பாருங்கள்! அப்படியிருந்தும் இந்த மரமண்டைக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

மர்மக் கதை என்றால் நான் சோறு தண்ணி மறந்துவிடுவேன். பன்னிரண்டு வயதில் பிடித்த பைத்தியம். ஆனால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கடைசி அத்தியாயத்தை முதலில் வாசித்துவிடுவேன். "அப்ப மிச்சத்தை ஏன் வாசிக்கிறாய்?" என்று என் கணவர் கேட்பார். யார் செத்தது, யார் கொன்றது என்று தெரிந்தபிறகுதான் எனக்கு நிம்மதியாக வாசிக்க வரும். நாளைக்கு எங்கே படுப்போம் என்று தெரியாமல் வருடக்கணக்காகச் சாமான் கட்டிக்கொண்டு திரிந்தவள் நான். கதையிலாவது முடிவு தெரியட்டுமே.

கதை இதுதான். மலைநாட்டில் ஒரு ஊர். நளினியின் புருஷன் மோகன் ஒரு மழைநாளில் காணாமல்போகிறான். குளக்கரையில் அவனுடைய சப்பாத்தும் குடையும் கிடக்கின்றன. குளத்தில் விழுந்து செத்தான் என்று ஊர் முடிவு கட்டுகிறது, உடல் கிடைக்காத பொலிஸ் மட்டும் தேடிக்கொண்டிருக்கிறது. பத்தாம் நாள் நளினிக்கு ஒரு கடிதம் வருகிறது. மோகனின் கையெழுத்து! "நான் உயிரோடு இருக்கிறேன். என்னைத் தேடாதே." பிறகு மாதம் ஒரு கடிதம்.

கடைசி அத்தியாயத்தில் என் மனதில் நின்றது இரண்டே விஷயம். மோகன் முதல் நாளே கொல்லப்பட்டுவிட்டான். கடிதங்களை எழுதியவன் அவனுடைய கூட்டாளி சேகர். மற்றதையெல்லாம் என் வழக்கப்படி ஓட ஓட வாசித்துத் தள்ளிவிட்டேன்.

நீலச் சாரியை நான் கவனிக்கவேயில்லை. எழுதியவர் தூக்கக் கலக்கத்தில் விட்ட பிழை என்றே நினைத்தேன்.

உப்பு ஒத்துக்கொள்ளாத கை

கருவாட்டு வாடியில் கதை வாசிக்கிற வேலை எனக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். எல்லாம் என் கையின் புண்ணியம்.

நாங்கள் வன்னியிலிருந்து யுத்த நேரத்தில் கற்பிட்டிப் பக்கம் வந்தவர்கள். யுத்தம் முடிந்தும் திரும்பிப் போகவில்லை. என் கணவருக்கு ஒரு ஐஸ் கடையில் வேலை கிடைத்தது. நான் வாடிக்குப் போனேன். முதல் நாள் ஆமினா மாமி, "எந்த ஊர்?" என்று கேட்டார். "கிளிநொச்சிப் பக்கம்," என்றேன். "நாங்க மன்னார். எங்களப் போகச் சொல்லி அனுப்பினாங்க," என்றார். வடக்கிலிருந்து முஸ்லிம்களையெல்லாம் அனுப்பியது எங்கள் ஆட்களின் இயக்கம்தான் என்று இருவருக்கும் தெரியும். எனக்குத் தலை குனிந்தது. மாமி தன் பிளாஸ்கிலிருந்து ஒரு கோப்பை தேத்தண்ணி ஊற்றித் தந்தார். "குடி புள்ள, ஆறப்போகுது," என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் கதையை நாங்கள் எடுத்ததேயில்லை.

மூன்றாம் நாள் உப்புப் பட்டு என் கை இரண்டும் வெடித்துப் புண்ணாகிவிட்டன. முதலாளி என்னை நிறுத்த வாயெடுத்தார். பல்கீஸ் ராத்தா குறுக்கே விழுந்தார். "அவங்கட பங்கையும் நாங்க வெட்டுறோம். அவங்க கொண்டுவாற பொத்தகங்களச் சத்தமா வாசிக்கட்டும். தேத்தண்ணி நேரத்தில தனிய வாசிச்சுச் சிரிக்கிறாங்க, எங்களுக்கு எரிச்சலா ஈக்குது."

முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் ஒரு கிழமையில் அவருக்கே விளங்கிவிட்டது. கதை நடக்கிறபோது வாய் ஓய்ந்திருந்தது, கை ஓடியது. இப்படித்தான் அவர்கள் என் பங்கு மீனை வெட்டினார்கள், நான் அவர்களுக்குக் கதை வாசித்தேன். என் வாழ்க்கையில் நான் பார்த்த வேலைகளில் இதுதான் ராஜ வேலை.

ஒரு வீட்டில் இரண்டு அடுப்பு

நசீமாவின் புருஷன் மஹ்ரூப் இடுப்பில் அகலமான பச்சை வார் கட்டி, சாரத்தை முழங்காலுக்கு மடித்துவிட்டு, விசிலடித்துக்கொண்டு வாடிக்குள் வருவார். போன சோளகக் காற்றின் தொடக்கத்தில் ஒரு விடியற்காலை வலை பார்க்கத் தனியே போனார். காற்று திடீரென்று பிடித்துக்கொண்டது. இரண்டாம் நாள் படகு மட்டும் கவிழ்ந்தபடி கரை ஒதுங்கியது.

மாதங்கள் போயின. பள்ளிவாசலில் பெரியவர்கள் படகு கிடந்த விதத்தைக் கேட்டு, விசாரித்து, "இனி அந்தப் புள்ள இத்தா இருக்கலாம்," என்று சொல்லியனுப்பினார்கள். நசீமா மாட்டேன் என்றாள். இந்தியாவில் கரை ஒதுங்கி, பிடிபட்டு மறியலில் இருக்கிறார், வருவார் என்றாள்.

ஆமினா மாமிக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. இறந்தவர்களுக்காகக் குர்ஆன் ஓதும் கத்தம் ஒன்றை மகனுக்காக ஓதவேண்டும். பெற்ற வயிறு, அதற்கு மேல் அவர் என்ன கேட்டார்? ஆனால் நசீமா அதற்கும் விடவில்லை. "கத்தம் ஓதினா அவர் மவுத்துன்னு நாமளே சொன்ன மாதிரித்தானே? ஓதினா நான் இந்த வீட்டை விட்டுப் போயிருவேன்," என்றாளாம். மருமகளும் போய்விட்டால் மாமிக்கு யார் இருக்கிறார்கள்? ஓதாமலே இருந்தார். ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு மூட்டினார்கள். வாடியிலும் எதிரும் புதிருமாக இருந்துகொண்டு ஒரு வார்த்தை பேசமாட்டார்கள்.

மற்றவர்கள் நசீமாவைத் திட்டினார்கள். எனக்கு அவளில் கோபம் வரவில்லை. யுத்தத்தின் கடைசி மாதங்களில் காணாமல்போன என் தம்பிக்கு எங்கள் வீட்டிலும் இன்னும் திவசம் இல்லை. அவனுடைய பிறந்தநாளுக்கு அம்மா இன்றும் பொங்குகிறா. இதை வாடியில் நான் யாருக்கும் சொன்னதில்லை.

இவ்வளவும் தெரிந்திருந்தும் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேனே, அதை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே ஒன்று போடலாம் போலிருக்கிறது.

வாடிக்குள் பெய்த மழை

நீலச் சாரிக்குப் பிறகு வாடியே மாறிவிட்டது.

கதையில் எந்நேரமும் மழை. பனி இறங்கும், தேயிலைச் செடிகள் மறையும், நளினி யன்னலைச் சாத்துவாள். வெளியே எங்கள் மணல் கொதித்துக்கொண்டிருக்கும். கூரைக் கிடுகின் ஓட்டைகளால் வெயில் காசு காசாக விழும். அந்த வெக்கைக்குள் இருந்துகொண்டு பல்கீஸ் ராத்தா முந்தானையை இழுத்துப் போர்த்துவார். "கூதலா ஈக்குதுடி," என்பார். சிரிப்போம். ஆனால் எனக்கும் கொஞ்சம் குளிரத்தான் செய்தது.

கண்ணுக்கெட்டிய தூரத்தில், பெரிய பட்டங்களைப் பிடித்துக்கொண்டு வெள்ளைக்காரர்கள் அலைமேல் வழுக்கிப் போவார்கள். சத்தமே இருக்காது. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வானத்தில் மெல்ல மெல்ல ஆடும். நீலப் பட்டம் ஒன்று தெரிந்தால், "நளினி போறா," என்று யாராவது சொல்வார்கள்.

ஒருநாள் பல்கீஸ் ராத்தா தான் கண்ட கனவைச் சொன்னார். நளினி குடை பிடித்துக்கொண்டு வாடிக்கு வந்தாளாம். அரைக்கிலோ நெத்தலிக் கருவாடு கேட்டாளாம். "நிறுத்துக் குடுத்தேன். புருஷன் எங்கன்னு கேக்க வாயெடுத்தேன், விடிஞ்சிட்டு," என்றார். எல்லோருக்கும் அது பெரிய கவலையாகப் போய்விட்டது.

நசீமாதான் கூடுதலாக மாறினாள். நேரத்துக்கு வந்தாள். எனக்குப் பக்கத்தில் இடம் பிடித்தாள். "இன்னக்கி கடிதம் வருமா அக்கா?" என்று கேட்டாள். ஒருநாள் சிரித்தாள். நளினிக்குக் கடிதம் வருகிற பக்கங்களை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னாள். அவள் முகம் தெளியத் தெளிய எனக்குப் பயம் ஏறியது. வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை.

லாச்சிக்குள் இருந்தது

என்னால் முடிந்த கள்ளமெல்லாம் செய்து பார்த்தேன். தொண்டை கட்டிவிட்டது என்றேன். இஞ்சித் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார்கள். நாளுக்கு நாலு பக்கம் என்று இழுத்தேன். திட்டினார்கள். கடைசியில், முடிவை மாற்றி வாசிப்போம், மோகனை உயிரோடு கொண்டுவருவோம் என்று துணிந்தேன். ஒரு இரண்டு பக்கம் என் சொந்தச் சரக்கை அவிழ்த்தும் விட்டேன். மோகன் ரயிலில் வந்து இறங்கினான், தூரத்தில் நளினியைக் கண்டு கையசைத்தான்.

"இருங்க, இருங்க," என்றார் பல்கீஸ் ராத்தா. "அவருக்குத் தூரத்தில ஆள் தெரியாதே? கண்ணாடி வீட்டு லாச்சியிலதானே ஈக்குது? நீங்கதானே முந்தி வாசிச்சீங்க, அவ லாச்சியத் திறந்தா, கண்ணாடி ஈந்திச்சின்னு?"

இரண்டாம் அத்தியாயத்தில் ஒரே ஒரு வரி. புத்தகத்தில் "இழுப்பறை" என்று இருந்ததை நான்தான் லாச்சி என்று மாற்றி வாசித்திருந்தேன். நான் மறந்துபோனேன், மீன் வெட்டிக்கொண்டு கேட்டவர்கள் மறக்கவில்லை.

"பக்கம் மாறிப்போச்சு," என்று முணுமுணுத்துவிட்டு, உள்ளதை உள்ளபடி வாசிக்கத் தொடங்கினேன். வேறு வழியில்லை. நசீமாவைப் பார்க்காமல் வாசித்தேன்.

நளினி சேகரின் முன்னால் கடிதங்களைப் போடுகிறாள். "என் கணவர் கண்ணாடி இல்லாமல் மூன்று அடி நடக்கமாட்டார், சேகர். ஒரு வரி எழுதவும் மாட்டார். அந்தக் கண்ணாடி முதல் நாளிலிருந்து என் லாச்சியில் இருக்கிறது; அவர் தன் காலால் குளத்துக்குப் போகவில்லை. உன் முதல் கடிதம் வருவதற்கு முன்பே அவர் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் வெள்ளை உடுத்தியிருந்தால் நீ இந்தக் கடிதங்களை எழுதி மாட்டியிருக்கமாட்டாய். அதனால்தான் நீலச் சாரி உடுத்தினேன்."

நான் ஓட ஓட வாசித்துத் தள்ளிய இடம்! நீலச் சாரி பிழையே இல்லை. முப்பது வருடம் மர்மக் கதை வாசித்தவளுக்குத் தெரியாதது, கருவாடு போடுகிறவர்களுக்கு ஒன்பதாம் நாளே தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரியும் என்று நசீமா சொன்னதும் சரிதான். ஆனால் நளினிக்குத் தெரிந்திருந்தது அவன் உயிரோடு இல்லை என்பது.

பிறகு நசீமா கேட்டாள்.

"அப்ப அவளுக்கு முதலே தெரியுமா அக்கா?"

"ஓம்."

"தெரிஞ்சிக்கிட்டா பூ வச்சிக்கிட்டுப் போனா?"

"ஓம்."

"அழவே இல்லையா?"

பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். சேகரைப் பொலிஸ் பிடிக்கிறது, மழை நிற்கிறது, முற்றும். அழுததாக எங்கும் இல்லை. "எழுதயில்ல," என்றேன்.

"எழுதின ஆளுக்குத் தெரியல்ல போல," என்றாள் நசீமா. கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, வேலை முடிய முன்னமே எழும்பிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு நான் எத்தனையோ மர்மக் கதை வாசித்துவிட்டேன். கொன்றவனைத் தேடுகிற அவசரத்தில் செத்தவனுக்காக அழ ஒரு பக்கம்கூட ஒதுக்குவதில்லை என்பது ஒவ்வொரு தரமும் எனக்கு உறுத்தும்.

பச்சை வார்

அடுத்த நாள் அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். கையில் ஒரு கடைப் பை. என் பக்கத்தில் இருக்காமல் நேரே ஆமினா மாமிக்கு முன்னால் போய்க் குந்தினாள். பையிலிருந்து ஒரு பச்சை வாரை எடுத்து மாமியின் மடியில் வைத்தாள். உப்பேறி, விறைத்து, வெளிறிப்போன வார்.

"உடப்பு ஊர் மீன்காரர் ஒருத்தர் கொண்டாந்து தந்தார் மாமி. வலையில சிக்கினதாம். நோம்புக்கு முந்தி. அரிசித் தகரத்துக்கு அடியில ஒளிச்சி வச்சேன்."

மாமி வாரைத் தடவினார். காசு வைக்கிற பையின் ஓரத்தில் சிவப்பு நூல் தையல் ஒன்று இருந்தது. பச்சை நூல் இல்லாத ஒரு நாளில் அவரே தைத்துக் கொடுத்தது. அந்தத் தையலில் விரலை வைத்தபடி இருந்தார்.

ஏசுவார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். வார் கிடைத்து ஏழு மாதம்! பெற்றவளுக்குக்கூடச் சொல்லாமல்!

"ஏன்டி மகள்," என்றார் மாமி, "இவ்வளவு நாளும் இத நீ தனியாவா வச்சிக்கிட்டு இருந்த?"

நசீமா மாமியின் மடியில் தலையை வைத்தாள். மீன் கழுவிய ஈரக்கையாலேயே மாமி அவளை அணைத்துக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை கத்தம் ஓதினார்கள். நானும் போனேன். வாடியில் ஒருவருமே அன்றைக்கு மீன் வெட்டவில்லை. மறுநாளிலிருந்து நசீமா இத்தா இருந்தாள்.

ஒரு கிழமை கழித்துப் பார்க்கப் போனேன். சின்ன அறை, யன்னலுக்கு வெள்ளைத் திரை. அவளும் வெள்ளை. திரை காற்றுக்கு உப்பி உப்பி அடங்கியது. கடல் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. எனக்கு ஒருகணம் மலைநாட்டுப் பனிக்குள் வந்துவிட்டது போலிருந்தது.

"நாலு மாசம் பத்து நாள் அக்கா," என்றாள். "வந்து வாசிப்பீங்களா?"

"இத்தாவில கதைப் பொத்தகமா?" என்று பல்கீஸ் ராத்தா வாசலில் நின்று இழுத்தார். "ஓதிட்டுத்தானே கேக்கிறாள், கேக்கட்டும்," என்றார் அடுப்படியிலிருந்து மாமி. இப்போது ஒரே அடுப்புத்தான் புகைந்தது.

"நல்ல புதுக் கதையாக் கொண்டுவாறன்," என்றேன்.

"வேணாம். அந்தக் கதையத்தான் வாசிங்க. முடிவு தெரிஞ்சதுதான் இப்ப எனக்கு ஏலும்."

மறுநாள் பகல் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன். மழை, குளக்கரை, சப்பாத்து, குடை. இரண்டாம் அத்தியாயம் வந்தது. "நளினி லாச்சியைத் திறந்தாள். கண்ணாடி அங்கே இருந்தது."

"நிப்பாட்டுங்க அக்கா," என்றாள் நசீமா. "இந்த இடத்தில அவ அழுதிருப்பா."

புத்தகத்தை மடியில் கவிழ்த்தேன். அவள் அழுதாள். ஏழு மாதத்தையும் சேர்த்து அழுதாள். நான் என் தம்பியை நினைத்து அழுதேன். மாமி வந்து, ஒன்றும் கேட்காமல், எங்கள் இருவருக்கும் நடுவில் குந்திக்கொண்டார். வெகுநேரம் போனது.

பிறகு நசீமா முகத்தைத் துடைத்தாள்.

"இப்ப வாசிங்க," என்றாள்.